கழுத்துக்குள் ஒரு கட்டி

சேட்டுப் பொத்தானைப் பூட்ட விரல்கள் தடுமாறுகின்றன. செருப்புக் காலை விட்டுக் கழன்றதும் தெரிவதில்லை. இரவிற் படுத்தாற் பிடரியிலிருந்து தோள்வரை வலி குடைகின்றது. இணுவிலிலே தோட்டத்திற் குனிந்து நிமிர்ந்து உழைத்த ஒருவர் இங்ஙனம் முறையிட்டால், "வாதந்தான், எண்ணெய் பூசினாற் போய்விடும்" என்பதே வீட்டிற் கிடைக்கும் விடை. கழுத்தெலும்புத் தேய்மானமே இதற்குப் பெரும்பாலுங் காரணம். ஆயினும் அரிதாகச் சிலரிடத்து ஒரு கட்டியே காரணமாகின்றது. அதனையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

முண்ணாண் நமது சுண்டுவிரற் பருமனே உடையது. அதிலிருந்து கழுத்தில் எட்டுச் சோடி நரம்புகள், எலும்புகளுக்கு இடையேயுள்ள துவாரங்களின் வழியே வெளிவருகின்றன. மின்கம்பிக்கு இறப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறையுண்டு. அவ்வுறையின் கலங்கள் சிலவேளை பெருகித் திரண்டு கட்டியாகின்றன. இது புற்றுநோயன்று, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. துவாரத்துக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக உடுக்கின் வடிவிற் கிடப்பதும் உண்டு. "தீங்கற்ற கட்டி" என்று வைத்திய நூல்கள் கூறும். எலும்புக் கூட்டுக்குள் விலக இடமின்றி முண்ணாண் நசுங்கும்போது, அச்சொல் நோயாளிக்கு என்ன ஆறுதல் தரும்? கை சோர்கின்றது; கால்கள் விறைக்கின்றன.

இணுவிலுக்கு அயலூரான மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் கிறீன், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். அந்நாளில் முண்ணாணின் அமைப்பை அறிந்தோர் இருந்தனர். அதனை நெருக்குங் கட்டியை அகற்றி வெற்றி கண்டவர் இலர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1887 யூன் மாதம், இலண்டனில் டாக்டர் கவர்ஸ் நோயின் இடத்தைக் கணித்துக் கூற, ஹோர்ஸ்லி சத்திரசிகிச்சை செய்தார். அது நெஞ்சுப்பகுதிக் கட்டி. குறித்த இடத்தைத் திறந்தபோது ஒன்றையுங் காணோம்! உடனின்றவர் வற்புறுத்தவே மேலும் ஓர் எலும்பை நீக்கினர். வாதுமைப் பருப்பையொத்த கட்டி அங்கே இருந்தது. கால்கள் மரத்துக் கிடந்த அந்தக் கப்டன் ஓராண்டுக்குள் எழுந்து நடமாடினார்.

இன்று அங்ஙனந் தேடவேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. நுணுக்குக்காட்டியின் துணையோடு பெரும்பாலும் முழுவதையும் எடுத்துவிடுகின்றனர். நெடுங்காலம் நசுங்கிய முண்ணாணோ முற்றாக மீள்வதில்லை. ஆகையால் கழுத்தை நெட்டி முறிக்கும் கைவைத்தியத்தில் மாதங்களைப் போக்கலாகாது. விரல் தடுமாற்றத்தோடு நடையுந் தள்ளாடினாற் காலந்தாழ்த்தாது டாக்டரை நாடுக. சிறுநீர் தடைப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்க.