சிறந்த விளையாட்டுப் படத்துக்கு தேசிய விருது இருந்ததா? அது எங்கே போனது? முழு விவரம்

கபடின்னா 'வெண்ணிலா கபடி குழு', பாக்ஸிங்னா 'இறுதிச்சுற்று', 'சார்பட்டா பரம்பரை', கிரிக்கெட்னா 'ஜீவா', 'கனா', 'லப்பர் பந்து'. 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' வரை தமிழில் விளையாட்டுப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் இதில் பங்கு உண்டு. அம்பத்தூர், ஆவடி வழியாக தினமும் ரயில் போகிற அரக்கோணத்தைக் களமாக வைத்து 2024 ஜனவரியில் வந்தது 'ப்ளூ ஸ்டார்'. விஜய்யின் 'பிகில்' படப்பிடிப்பு பூந்தமல்லியை அடுத்த இவிபி ஃபிலிம் சிட்டியில் நடந்தது.

சரி, இவ்வளவு படங்கள் வருகிறதே, 'சிறந்த விளையாட்டுப் படம்' என்று தனியாக ஒரு விருது கிடையாதா?

ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே இல்லை.

விருது எங்கே இருந்தது?

தேசிய திரைப்பட விருதுகளில் கதைப்படங்களுக்கு ஒரு பட்டியல், ஆவணப்படம் போன்ற கதைசாராப் படங்களுக்கு இன்னொரு பட்டியல். விளையாட்டுக்கு இடம் இருந்தது இந்த இரண்டாவது பட்டியலில்தான். பெரும்பாலும் அது தனி விருதாகக்கூட இல்லை. 'சிறந்த சாகச / தேடல் படம்' என்ற பிரிவுக்குள் விளையாட்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அதனால் போட்டி கொஞ்சம் விநோதமானது. 67-வது விருதில் இந்தப் பிரிவில் வென்றது 'வைல்ட் கர்நாடகா'. அது காட்டுயிர்களைப் பற்றிய படம். அதாவது ஓட்டப்பந்தய வீரரும் புலியும் ஒரே பிரிவில் மோத வேண்டும்!

விளையாட்டு வென்ற ஆண்டுகள்

* 66-வது விருது (2019-ல் அறிவிப்பு): 'சிறந்த விளையாட்டுப் படம்' என்ற பெயரிலேயே விருது கிடைத்தது. வென்றது சுப்ரியோ சென் இயக்கிய 'ஸ்விம்மிங் த்ரூ தி டார்க்னஸ்'. பார்வையற்ற நீச்சல் வீரர் ஒருவரின் கதை.

* 68-வது விருது (2022-ல் அறிவிப்பு): 'வீலிங் தி பால்'. சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடும் பெண்களைப் பற்றியது.

* 69-வது விருது (2023-ல் அறிவிப்பு): ஜேக்கப் வர்கீஸ் இயக்கிய 'ஆயுஷ்மான்'. எச்.ஐ.வி. தொற்றோடு வாழும், ஓட்டத்தில் சாதிக்கத் துடிக்கும் இரண்டு சிறுவர்களைப் பற்றியது.

மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பெரிய ஹீரோக்கள் நடிக்க முன்வராத, பெரிய தயாரிப்பாளர்கள் பணம் போடாத வாழ்க்கைகளைத்தான் இந்தப் பிரிவு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

பிறகு என்ன ஆனது?

2024-ல் தேசிய விருதுகளின் விதிமுறைகள் மாற்றப்பட்டன. இந்திரா காந்தி, நர்கிஸ் தத் பெயர்கள் நீக்கப்பட்ட செய்திதான் அப்போது பரபரப்பானது. அதே நேரத்தில் கதைசாராப் படங்களின் பல பிரிவுகளும் குறைக்கப்பட்டன. 2024 ஆகஸ்ட் 16-ல் அறிவிக்கப்பட்ட 70-வது விருதுப் பட்டியலில் சாகச / விளையாட்டுப் பிரிவு இல்லை.

இன்னொரு பக்கம், பரிசுத் தொகை கூடியது. முன்பு இந்தப் பிரிவில் ரஜத் கமலோடு 50,000 ரூபாய் கிடைத்தது. இப்போது ரஜத் கமல் விருதுக்கு 2 லட்சம் ரூபாய். பணம் கூடிவிட்டது, வாசல்தான் குறைந்துவிட்டது. இனி ஒரு விளையாட்டு ஆவணப்படம் 'சிறந்த ஆவணப்படம்' போன்ற பொதுப் பிரிவில் எல்லோரோடும் மோதித்தான் ஜெயிக்க வேண்டும்.

அப்போ கதைப்படங்கள்?

அவற்றுக்கு விளையாட்டு என்ற தனிப் பிரிவே இருந்ததில்லை. ஆனாலும் வேறு வேறு வாசல் வழியாக வந்து வென்றிருக்கின்றன. 'சக் தே இந்தியா', 'பாக் மில்கா பாக்', 'மேரி கோம்' மூன்றும் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான விருதை வென்றன. 'இக்பால்' சமூகப் பிரச்னை பிரிவில் வந்தது. தடகள வீரராக இருந்து கொள்ளையரானவரின் கதையான 'பான் சிங் தோமர்' 60-வது விருதில் சிறந்த படமாகவே தேர்வானது.

தமிழில் 'இறுதிச்சுற்று' படத்துக்காக ரித்திகா சிங் 63-வது தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு பெற்றார். 2015-ம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசு விருதில் மாதவன் சிறந்த நடிகர், சுதா கொங்கரா சிறந்த இயக்குநர்.

ஆஸ்கரிலும் விளையாட்டுக்குத் தனி விருது கிடையாது. ஆனால் 'ராக்கி' சிறந்த படமாக வென்றது. மலையேற்ற ஆவணப்படமான 'ஃப்ரீ சோலோ' 2019-ல் சிறந்த ஆவணப்படமானது.

தனி விருது தேவையா?

தேவையில்லை என்பவர்களின் வாதம் இது: நல்ல படம் எந்தப் பிரிவிலும் ஜெயிக்கும். தனிப் பெட்டி கொடுத்தால், 'உனக்குத்தான் அது இருக்கே' என்று சிறந்த பட விருதிலிருந்து ஓரங்கட்டிவிடுவார்கள். கதைப்படங்களைப் பொறுத்தவரை இது நியாயமாகவே தெரிகிறது. 'பான் சிங் தோமர்' அதற்குச் சாட்சி.

ஆனால் ஆவணப்படங்களின் நிலை வேறு. அவற்றுக்கு தியேட்டர் வசூல் கிடையாது, ஸ்டார் கிடையாது. விருது கிடைத்தால்தான் படத்தின் பெயரே வெளியே தெரியும். மணத்தி கணேசன் 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 'பைசன்' வர சுமார் 30 ஆண்டுகள் ஆனது. அதுவும் மாரி செல்வராஜ் என்ற பெரிய இயக்குநர் கையில் எடுத்ததால் நடந்தது. அப்படி யாரும் கையில் எடுக்காத வீரர்களின் கதையைச் சொல்ல ஆவணப்படம்தான் மிச்சம்.

புறநகர் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது

ஆவடியிலோ அம்பத்தூரிலோ உங்கள் ஏரியா டீமைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கிறீர்களா? யூடியூபில் போட்டால் மட்டும் தேசிய விருதுக்குப் போக முடியாது. அந்தந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சான்றிதழ் தேதி தள்ளிப்போனால் படமும் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

விளையாட்டுக்கான பிரிவு திரும்ப வருமா என்பது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அதுவரை பொதுப் பிரிவில் களம் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.