ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள்!

"ஏன்டா, வானம் நிஜமாவே இப்படியா இருந்துச்சு? இல்ல, கம்ப்யூட்டர்ல வரைஞ்சியா?" நான் எடுத்த பால்வீதிப் படத்தைப் பார்த்து அம்மா கேட்ட கேள்வி இது. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லை.

வேலை விஷயமாக இத்தாலி சென்றபோது, டோலமைட் மலையில் 2,752 மீட்டர் உயரத்தில் உள்ள லகட்சுவோய் மலை விடுதியில் ஓரிரவு தங்கினேன். ஃபால்சாரெகோ கணவாயிலிருந்து கேபிள் காரிலேயே போய்விடலாம். இரவில் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். அதற்கு மேல் போனால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடுகளாகிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் இன்னொரு பேட்டரியைச் சட்டைப்பையில் சூடாக வைத்திருந்தேன்.

நம் கண்ணால் 20 விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைக்க முடியாது. கேமராவால் முடியும். எனவே படத்தில் அதிக நட்சத்திரங்களும் நிறங்களும் தெரிவது பொய் அல்ல.

தவறு வீட்டில்தான் நடந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லையென்று, சுமார் 60 ரா ஃபைல்களையும் ஜேபெக்காக மாற்றிவிட்டு, ஒரிஜினலை அழித்தேன். மிச்சமானது ஒன்றரை ஜிபி அளவுதான்! மெமரி கார்டையும் ஃபார்மட் செய்து வேறு படங்கள் எடுத்துவிட்டேன்.

ரா என்பது கேமரா சென்சார் பதிவு செய்த தகவல் அப்படியே உள்ள ஃபைல். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256தான். இரவு வானத்தின் நுண்ணிய வேறுபாடுகள் இந்த மாற்றத்தில் காணாமல் போகின்றன. பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் எதைத் திருத்தினேன், எது வானத்தில் இருந்தது என்று இன்று என்னாலேயே பிரித்துக் காட்ட முடியவில்லை.

படத்தைத் திருத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. டார்க்டேபிள் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் ரா ஃபைலைத் தொடாமல், திருத்தங்களைத் தனியாகச் சேமிக்கின்றன. நாளை இன்னும் நல்ல சாஃப்ட்வேர் வந்தால் அதே ஃபைலில் புதிதாகத் தொடங்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். 'ஒரிஜினல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதில் உள்ளதைத் திருத்தாதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி வையுங்கள். மலைக்கு மறுபடி போகலாம். அந்த இரவு மட்டும் திரும்பி வராது.