விடுதலையோடு வந்த 377

இங்கே நடந்த ஒரு இலக்கியக் கூட்டம் முடிந்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மதிக்கிற கவிஞர் ஒருவர் சொன்னார்: "தன்பால் உறவு, திருநங்கை உரிமை, இதெல்லாம் வடக்கத்திப் பிரச்னை. நம் பக்கத்தில் திராவிட இயக்கம் எப்போதோ தீர்த்து வைத்தாயிற்று. மிச்சம் பேசுவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் டம்ளரோடு நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் பத்திரிகையில் வந்து வீரம் பேசுவது நம் வட்டத்தின் பழைய வியாதி. எனக்கும் அது உண்டு என்று ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இறக்குமதி என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். வேறு எந்த ஊரில் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகலாம். புதுச்சேரியில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒருவருக்குத் தம் ஊர்ச் சரித்திரம் அடியோடு மறந்திருக்க வேண்டும். 1791-ல் புரட்சிக்குப் பின் எழுதிய தண்டனைச் சட்டத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றம் என்று சொல்லும் விதியை விட்டுவிட்டார்கள். நெப்போலியனின் 1810 சட்டமும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. அந்தச் சட்டம்தான் இந்த ஊரை ஆண்டது. மெக்காலே வித்திட்டு 1860-ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், அதன் 377-ஆம் பிரிவோடு, கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. இந்தப் பக்கம் எப்போது வந்தது? 1954 நவம்பர் 1-ல் அதிகாரம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம். 1963-ஆம் வருஷத்து 7-ஆம் ஒழுங்குவிதி என்ற ஒன்றின் மூலம், அக்டோபர் 1 முதல், இந்தியச் சட்டங்கள் மூட்டையாக வந்து இறங்கின. அந்த மூட்டையில் 377 இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் போய், வேறொரு வெள்ளைக்காரன் எழுதிவைத்த குற்றம் நம் தெருவுக்குள் வந்தது. இறக்குமதி என்றால் இதுதான்.

பிரெஞ்சுக்காரன் உத்தமன் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். 1942-ல் விஷி அரசாங்கம் தன்பால் உறவுக்கு மட்டும் தனி வயது வரம்பு வைத்தது. அதை எடுக்க பிரான்சுக்கு 1982 வரை பிடித்தது. நான் கேட்பது நம்மவர்களைப் பற்றி. அதே 7-ஆம் ஒழுங்குவிதி இந்துத் திருமணச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தபோது, புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று ஞாபகமாக ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. 1881 ஆணையின் கீழ் தம் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன குடும்பங்கள் அவை. அவர்களுக்கு என்று பேச ஆள் இருந்தது. ஆக, வரி வரியாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவர்கள்தான். 377-ஐப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுங்குவிதி குடியரசுத் தலைவரின் பெயரில் வந்தது. எந்தச் சபையிலும் வாக்கெடுப்பு இல்லை. அப்போது இங்கே காங்கிரஸ் மந்திரிசபை. அதன் பிறகு தி.மு.க., அ.தி.மு.க., மறுபடி காங்கிரஸ், 2011-ல் பிறந்த என்.ஆர். காங்கிரஸ், 2021-ல் அதோடு கூட்டு சேர்ந்த பா.ஜ.க. என்று எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாயிற்று. நவம்பர் 1-ல் கடற்கரைச் சாலையில் கொடி ஏற்றுகிறோம். விடுதலையில் எந்தச் சரக்கு எந்த மூட்டையில் வந்தது என்று எந்தக் கட்சியும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"தீர்த்தாயிற்று" என்ற வாதம் இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 2008-ல் கருணாநிதி அரசு அரவாணிகள் நலவாரியம் அமைத்தது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. திருநங்கை என்ற சொல்லை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியதும் அந்த அரசுதான். அது சின்ன விஷயம் இல்லை. கேவலமான சொற்களால் மட்டுமே கூப்பிடப்பட்ட ஒரு கூட்டத்தாருக்கு மரியாதையான பெயர் கிடைப்பது பெரிய காரியம். மொழியோடு பழகுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 24-ல் திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியதையும் தி.மு.க.வின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அது சட்டமாகவில்லை. அதன் இடத்தில் 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், தான் யார் என்று ஒருவர் சொல்வதை மாவட்ட ஆட்சியரின் சான்றிதழுக்குள் கொண்டுபோய் அடைத்தது. திருநங்கை மீது நடக்கும் பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம் என்று விலை வைத்தது.

ஆனால் இந்த வரவுப் பக்கத்தை மட்டுமே படித்துக்கொண்டிருப்பது யோக்யமான விமர்சனம் ஆகாது. பெயர் கொடுத்தவர்கள், வாரியம் கொடுத்தவர்கள், தையல் மெஷின் கொடுத்தவர்கள், 377 என்ற எண்ணைச் சட்டமன்றத்தில் உச்சரிக்க ஏன் தயங்கினார்கள்? ஏனென்றால் வாரியம் என்பது கருணை. கூவாகத்துக்கு மந்திரி போகலாம், மேடை ஏறலாம், கிரீடம் சூட்டலாம். அங்கே இருப்பவர்கள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பவர்கள், புராணத்துக்குள் அடங்குகிறவர்கள். புடவையும் இல்லை, புராணமும் இல்லை, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் என்று வந்துவிட்டால் கட்சிகளின் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. 2025-ல் தமிழ்நாடு வெளியிட்ட கொள்கையும் திருநர், ஊடுபால் இனத்தவரோடு நின்றுகொண்டது.

பதவியில் இருந்தபோது 377 போக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்ன தமிழ்நாட்டு அரசியல்வாதி யார் என்று நம் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரியார் பெயரைச் சொல்லும் கட்சி ஒன்றில் தேடுவார்கள். அவர் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ். 2008-ல் மத்திய சுகாதார மந்திரியாக இருந்தபோது சொன்னார். டில்லி உயர் நீதிமன்றத்தில் அவருடைய அமைச்சகத்தின் தரப்பு ஒன்று, உள்துறையின் தரப்பு அதற்கு நேர் எதிர். ஒரே அரசாங்கத்துக்கு இரண்டு வாய். சுகாதாரத் துறை சொன்ன காரணம் எய்ட்ஸ் தடுப்பு: குற்றவாளி என்று பயந்து ஒளிகிறவனை மருந்து எட்டாது. உரிமை என்று சொல்லவில்லை, வியாதி என்றுதான் சொன்னது. இருந்தாலும் சொன்னது. அந்தக் கட்சி அதைப் பெருமையாக ஒரு சுவரிலாவது எழுதி நான் பார்க்கவில்லை. எழுதினால் ஓட்டுப் போய்விடும் என்று அதற்குத் தெரியும். நம்முடைய எழுத்தாளர்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது நமக்குப் பிடிக்காத கட்சி.

தேசியக் கட்சிகளின் கதை அதிகம் சொல்லிப் பயனில்லை. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் 377-க்கு மறுபடி உயிர் கொடுத்தபோது சோனியா காந்தி வருத்தப்பட்டார், அப்போதைய பா.ஜ.க. தலைவர் ராஜ்நாத் சிங் அந்தப் பிரிவை ஆதரிப்பதாகவே சொன்னார். குறைந்தபட்சம் அவர் ஒளிக்கவில்லை. 2015 டிசம்பர் 18-ல் சசி தரூர் அதைத் திருத்தும் மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்த அனுமதி கேட்டார். விவாதத்துக்கு அல்ல, வெறும் அறிமுகத்துக்கு. ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஐந்நூற்றுச் சொச்சம் பேர் உள்ள சபையில் நூறு பேர்கூட வாக்களிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து அ.தி.மு.க.வுக்கு 37 பேர் இருந்த சபை அது. அவர்களில் யார் உள்ளே இருந்தார்கள், யார் கான்டீனில் இருந்தார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. இந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

2018-ல் மத்திய அரசு "நீதிமன்றத்தின் விவேகத்துக்கு விட்டுவிடுகிறோம்" என்றது. செப்டம்பர் 6-ல் நீதிமன்றம் செய்து முடித்தது. 2023-ல் திருமண வழக்கு வந்தபோது அதே அரசு, இது நகர மேட்டுக்குடிகளின் ஆசை, முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்றது. அக்டோபர் 17-ல் நீதிமன்றமும் ஆமாம், அது சட்டமன்றங்களின் வேலை என்று கையைக் கழுவிக்கொண்டது. கோர்ட்டிலிருந்து சபைக்கு, சபையிலிருந்து கோர்ட்டுக்கு என்று பந்து போய் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு பேர் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வழக்கில் ஒரு சின்ன விவரம், எனக்கு அதுதான் முக்கியம். மாநிலங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு மத்திய அரசு கடிதம் எழுதியது. ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பியதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். எதிர்த்தவை மூன்று: ராஜஸ்தான், ஆந்திரம், அசாம். மற்ற நான்கும் அவகாசம் கேட்டன. ராஜஸ்தானில் அப்போது காங்கிரஸ் ஆட்சி. அடுத்த வருஷம் அதே காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் தன்பால் இணையரின் கூட்டு வாழ்க்கையை அங்கீகரிக்கச் சட்டம் என்று எழுதியது. தன் அறிக்கைகளில் எல்லோரையும்விடத் தெளிவாக இதைப் பேசியது மார்க்சிஸ்ட் கட்சி. அது ஆண்ட கேரளம் அந்த ஏழில் இல்லை. தமிழ்நாடும் இல்லை. பெரியாரின் பேரைச் சொல்லாமல் ஒரு கூட்டம் தொடங்காத அரசு, ஒரு தபாலுக்குப் பதில் எழுதவில்லை.

பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமலா? 1967-ல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும், மாலை மாற்றினால் போதும். அந்தப் பிரிவு "எந்த இரண்டு இந்துக்களுக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த வரியில் கணவன், மனைவி என்று வந்துவிடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் சம்பிரதாயம் திருமணத்தைத் தீர்மானிப்பதில்லை, இரண்டு பேரின் சம்மதம்தான் தீர்மானிக்கிறது என்று சட்டத்தில் எழுதிய ஒரே இயக்கம் இது. அதன் வாரிசுகள் அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் உள்ள தூரத்தைக் கடக்கவில்லை. கொஞ்சமாவது கடந்தது நீதிபதிகள்: 2019-ல் மதுரைக் கிளை, திருநங்கையும் மணமகள்தான் என்று சொன்னது. 2023-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குடும்ப இணைவுக்கு ஒரு பத்திரப் பதிவு முறை வைக்கலாமே என்று தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். 2025 மே மாதம், பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மூன்றும் கோர்ட் வாசலில் நடந்தவை.

இங்கே என் உத்தியோகம் குறுக்கே வருகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது: தன்பால் இணையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், இணையரை நியமனதாரராகப் போடவும் தடை இல்லை. பத்திரிகைகள் இதை உரிமை என்று எழுதின. கவுன்டரில் உட்காருகிறவன் சிரிக்கத்தான் வேண்டும். கூட்டுக் கணக்குக்கு உறவு என்றைக்குமே நிபந்தனை இல்லை; முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்தாலும் ஆவணம் சரியாக இருந்தால் தொடங்குவோம். இல்லாத தடையை நீக்கி ஒரு சுற்றறிக்கை. இருக்கிற தடை அப்படியே இருக்கிறது: நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, உயில் இல்லாவிட்டால் செத்தவரின் அண்ணனோ, அண்ணன் பிள்ளையோ வாரிசு என்று கேட்டு வரலாம். இந்த ஊரில் சொல்தா குடும்பத்துப் பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் ஓட்டுப் போடுகிற நாட்டில், 2013-லிருந்து இரண்டு ஆண்கள் திருமணம் செய்துகொள்ளலாம். அடுத்த கவுன்டரில் நிற்கிற அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுற்றறிக்கை.

அந்த விளக்கம் வருவதற்கு முன்னால், இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது. வைப்புத்தொகை நியமனப் படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் "துணை" என்று எழுதியிருந்தார். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "சார், 'தம்பி'ன்னு போட்டுடுங்க, பின்னால வம்பு வராது" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று வெகுநாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு எழுதினார். அந்தக் கட்டத்தின் தலைப்பில் "உறவு, ஏதேனும் இருந்தால்" என்றே அச்சடித்திருக்கிறது. காலியாக விட்டிருந்தாலும் படிவம் செல்லும். இது எனக்குத் தெரியும். கேட்காதபோதே பொய் சொல்லச் சொன்னவன் நான். கட்சிகளைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை என்று கவிஞர் கேட்கலாம், கேட்கட்டும்.

அவரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஜி. நாகராஜனைக் கொண்டாடுகிறோம். சமூகம் ஒதுக்கியதை எழுதியவர் என்று கட்டுரை மேல் கட்டுரை. மீறல் கதையாக வந்தால் நமக்கு இலக்கியம். அதே மீறல் ரேஷன் கார்டு கேட்டு வந்தால் இறக்குமதி. இந்த வித்தியாசத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது எந்த அழகியல்?

தீர்த்தாயிற்று என்று நம்புகிறவர்கள் அடுத்த இதழில் பதில் எழுதலாம். டில்லியில் ஆங்கிலத்தில் அச்சடித்த அறிக்கைகள் வேண்டாம். ஏதாவது ஒரு கட்சி புதுச்சேரியில், தமிழில், ஓட்டுக் கேட்டு வீடுவீடாகக் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றில், இந்த மனிதர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தால் அனுப்பி வைக்கட்டும். தபால் செலவு என்னுடையது.