சாலைத் தெருவில் விலையை வகுப்பது யார்?

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழிலும் மலையாளத்திலும் விலை பேசப்படுகிறது. தடையற்ற சந்தையின் புகழ் பாடுவோர் இத்தெருவையே சான்றாகக் காட்டக்கூடும்: கட்டளையிடுவார் எவருமின்றி வணிகர் கொள்கின்றனர், விற்கின்றனர், போட்டியே விலையை வகுக்கிறது என்பர்.

ஆனால், இத்தெரு தானாக முளைத்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவியது. அக்காலத்தில் மிளகு வாணிபம் அரசின் ஏகபோகமாக இருந்தது. ஆகவே, சந்தையில் அரசு தலையிடலாமா என்பதன்று கேள்வி. எந்த வர்க்கத்தின் பொருட்டுத் தலையிடுகிறது என்பதே கேள்வி.

இங்கு மூட்டை இறக்கும் தொழிலாளியைப் பாருங்கள். போட்டி ஒன்றே விதியாயின், அவரினும் பசித்த ஒருவரே அவரது கூலியைத் தீர்மானித்திருப்பார். 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைப்பணித் தொழிலாளர் சட்டம் வேலைக்கு ஒழுங்கையும் தொழிலாளர்க்கு நலப் பாதுகாப்பையும் வகுத்தது. உழைக்காமல் பெறும் 'நோக்குக்கூலி'யை 2018 மே 1 முதல் இடது முன்னணி அரசே ஒழித்தது. உரிமையும் பொறுப்பும் ஒருங்கே பேணப்பட்டன.

அடுத்தது அரிசி. தன் தேவையில் சிறு பகுதியையே விளைவிக்கும் கேரளத்தில், வெளிமாநில அரிசியின் விலை ஏறினால் ஏழையின் உலை கொதிக்காது. அதனால்தான் 1974இல் மாநில உணவுப்பொருள் வழங்கல் கழகம் உருவானது. அதன் கடைகளில் 13 பொருள்கள் மானிய விலையில் கிடைப்பது, தனியார் கடை விலைக்கும் ஒரு கடிவாளம்.

அக்கடிவாளத்தை அறுக்க முயல்வோர் யார்? 2023 ஜூனில் ஒன்றிய அரசு, வெளிச்சந்தை விற்பனைத் திட்டத்தின் அரிசியை மாநில அரசுகளுக்கு விற்க மறுத்தது. தனியார் வணிகர்க்கோ ஏலக் கதவு திறந்தே இருந்தது. பொதுப் பணத்தில் கொள்முதலான தானியம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு இல்லை, முதலாளிக்கு உண்டு என்பதே அன்றைய நிலை! 'சுதந்திரச்' சந்தையின் சுதந்திரம் யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

நிதி நெருக்கடியில் 2024 பிப்ரவரியில் கேரள அரசும் அந்த 13 பொருள்களின் மானியத்தைக் குறைக்க நேர்ந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. ஒன்றியத்தின் நிதி அதிகாரம் மூலதனத்தின் கையில் இருக்கும்வரை, ஒரு மாநிலத்தின் மாற்றுப் பாதைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை மக்களிடம் ஒளிவின்றி எடுத்துரைப்பதும், அதைத் தகர்க்க அவர்களை அணிதிரட்டுவதும் தோழர்களின் கடமை.