கடற்கரைத் தோட்டங்களுக்குக் கழிமுள்ளி

புதுச்சேரி நகரில் கடலை அடுத்த வீதிகளில் தோட்டம் வைத்திருப்போர்க்கு ஆண்டுதோறும் நேரும் தொல்லை ஒன்றுண்டு. கோடையில் கிணற்று நீர் உவர்க்கின்றது. உப்புக் காற்றினால் ரோஜாவின் தளிர்கள் கருகுகின்றன. புல்தரைக்கு இறைக்கும் நன்னீரோ குடிப்பதற்கு வேண்டிய நீராகும். இந்நிலையில் மேனாட்டு விதைப் பட்டியல்களில் ஒரு நீலநிறப் பூவின் படத்தையும், அதன் பெயரில் 'கடல்' என்ற சொல்லையும் கண்டு, கடல் ஹாலி என்னும் செடியின் விதையை வரவழைக்கும் ஆசை சிலர்க்கு எழுவது இயல்பே. அவ்விதைக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண் என்பதும், அப்பெயரையே உடைய வேறொரு செடி அரியாங்குப்பத்துக் கழியோரத்தில் விலையின்றி வளர்கின்றது என்பதும் எடுத்துக்காட்டத் தக்கன.

மேனாட்டுக் கடல் ஹாலி, எரிஞ்சியம் என்னும் இனத்தைச் சார்ந்தது. முள்ளைக் கண்டு இதனை நெருஞ்சிக்கோ குருக்குக்கோ உறவு என எண்ணுவார் உளர். உண்மையில் இது கொத்தமல்லிக் குடும்பத்தது. ஐரோப்பியக் கடற்கரை மணல்மேடுகளில் தானே வளர்வது ஒரு வகை. மலைப்பாங்கான இடங்களுக்கும் புல்வெளிகளுக்கும் உரியன பிற வகைகள். ஆழச் செல்லும் ஆணிவேர், எருவில்லாத வறண்ட மண், நீர் தேங்காமை, நிறைந்த வெயில் ஆகியவை இதற்கு இன்றியமையாதன. பூக்கொத்தையும் அதனைச் சூழ்ந்த முட்சிதல்களையும் வெட்டி உலர்த்தினால் நெடுநாள் உருக்கெடாமல் இருக்கும் என்பதே அந்நாடுகளில் இதற்குள்ள பெருமை.

புதுச்சேரியில் இது ஏன் தழைக்காது? மணலும் வெயிலும் இங்கே குறைவில்லை. குறைவது குளிரே. எரிஞ்சிய விதைகளிற் பெரும்பாலானவை ஈரத்தோடு பல வாரங்கள் குளிர்ந்து கிடந்த பின்னரே முளைக்கும். தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே மிகுதியாக இறங்காத ஊரில் இது நிகழ்வதற்கில்லை. விதையை ஈரமணலிற் கலந்து குளிர்ப்பெட்டியில் வைத்து முளைப்பிக்கலாம் என்பார் கூற்று மெய்யே. ஆயினும் முளைத்த செடி பூத்தண்டு விடுவதற்கும் பல வகைகளில் ஒரு குளிர்ப்பருவம் கழிய வேண்டும். செடியைப் பெட்டிக்குள் குடிவைக்க இயலுமா? இதனைத் தாண்டினும் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கின்றது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அடித்த புயலில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை பெய்த ஊர் இது. நீர் நின்றால் அழுகும் ஆணிவேர் அதற்கு எங்ஙனம் தாங்கும்? உறைபனி காணும் உதகமண்டலத்தில் வேண்டுமாயின் முயன்று பார்க்கலாம்.

இனி உள்ளூர்ச் செடிக்கு வருவோமாயின், அது கழிமுள்ளி. கழுதைமுள்ளி என்றும் வழங்கும். ஆங்கிலேயர் இதனையும் கடல் ஹாலி என்றே அழைத்தனர். குழப்பத்திற்கு மூலம் அதுவே. இதன் தாவரப் பெயரான அகாந்தஸ் இலிசிபோலியஸ் என்பதன் பொருளும் ஹாலி மரத்தை ஒத்த இலையுடையது என்பதேயாம். பண்டைய கிரேக்கர் கொரிந்தியத் தூண்களின் தலைப்பிற் செதுக்கிய இலை இவ்வினத்தைச் சார்ந்த மற்றொரு செடியினது. நெய்தற் பாடல்களில் வரும் முண்டகம் இக்கழிமுள்ளியே என்று கொள்வாரும் பலர் உளர். இத்தகைய குலப்பெருமை வாய்ந்த செடிக்குக் கழுதையின் பெயரைச் சூட்டியது ஊரார் செய்த கொடுமை எனலாம்.

சுமார் 4 அல்லது 5 அடி உயரம் வளரும் இப்புதர், தேங்காய்த்திட்டை ஒட்டிய அலையாத்திக் காட்டின் ஓரங்களிலும் பிச்சாவரத்திலும் காணப்படும். இலைகள் பளபளப்பான பசுமை உடையன, விளிம்பெங்கும் முள். நிழலில் வளர்வனவற்றில் முள் குறைவதும் உண்டு. கிளை நுனியிலெழும் கதிரில் ஊதா கலந்த நீலப் பூக்கள் மலர்கின்றன. தேன்சிட்டும் கருவண்டும் அவற்றை நாடி வரும். வேர்வழி ஏறும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன; வறண்ட நாளில் இலைமீது வெண்பொடியாக அவ்வுப்பைக் காணலாம். ரோஜாவைக் கருக்கும் கடற்காற்று இதனை ஒன்றும் செய்யாமைக்குக் காரணம் இவ்வமைப்பே. ஆயினும் உப்பு இருந்தாலன்றி வளராது என்பதில்லை, நன்னீரிலும் வளரும்.

நீர்முள்ளி என்பது வேறு. குளம் குட்டைகளின் நன்னீர்க் கரையில் வளர்வதும், மருந்துக் கடைகளில் விதை விற்கப்படுவதும் அதுவே. பெயர் மயக்கத்தால் அதனைக் கொணர்ந்து உவர்மண்ணில் நட்டுவிட்டு, கழிமுள்ளி பிழைக்கவில்லை என்று குறை கூறலாகாது.

கழிமுள்ளியைப் பெருக்குவது எளிது. கணுக்கள் இரண்டு மூன்று உள்ள முற்றிய தண்டைத் துண்டாக்கி, சேறும் மணலும் கலந்த தொட்டியில் ஒரு கணு மண்ணுள் இருக்குமாறு நட்டு, ஈரம் உலராமல் காத்தல் வேண்டும். விதையால் வளர்க்க விரும்புவோர், காய் முற்றியதும் வெடித்து விதையைத் தொலைவில் எறிந்துவிடும் ஆகையால், அதற்கு முன்னரே கதிரைத் துணியாற் கட்டிவிடுக. வறண்ட மணல் இதற்கு ஆகாது. கிணற்றங்கரை, கழிவுநீர் பாயும் வாய்க்காலோரம், மழைநீர் தேங்கி வேறெதுவும் பிழைக்காத மூலை ஆகிய இடங்களே தக்கன.

இதற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. முள் குழந்தைகளைக் குத்தும் என்பது ஒன்று. நடைபாதையை விட்டு எட்ட நட்டால் அது தீரும். வேலியோரத்தில் அம்முள்ளே பயனுமாம், ஆடும் மாடும் தீண்டா. மற்றொன்று, செடி விரைந்து படர்ந்து அடர்புதராகிவிடும் என்பது. இது மறுக்க இயலாத குறை. அலையாத்திக் காட்டிலேயே இது அடர்ந்த இடங்களில் பிற கன்றுகள் எழும்ப இடமில்லாமற் போகின்றது. ஆகவே சிறு தோட்டம் உடையோர் பெரிய தொட்டியிலோ, செங்கல்லாற் கட்டிய பாத்தியிலோ அடைத்து வளர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை தரையோடு வெட்டிவிடுதல் நன்று.

இவ்விரண்டினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அதனைக் கூறுவார் அரியர். அழகுச் செடி என்று பெயர் எடுத்த அன்றே, கூலிக்கு ஆள் வைத்து வேரோடு பெயர்க்கும் நாற்று வியாபாரம் தொடங்கிவிடும். தேங்காய்த்திட்டில் எஞ்சியுள்ள அலையாத்திக் காடு மிகச் சிறியது. கரையைப் பிணைத்து மண்ணரிப்பைத் தடுப்பவற்றுள் இம்முள்ளியும் ஒன்று. 1991 முதல் வெளிவந்துள்ள கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் அலையாத்திக் காடுகளைச் சிறப்பான பாதுகாப்புக்கு உரியனவாக வைத்துள்ளன. அறிவிக்கை இருந்தும் இரவில் வரும் வண்டியை யார் தடுப்பார்? தனியார் எவரும் கழியிற் கைவைக்காதபடி, இலாகாவே உரிய அனுமதியுடன் சில தண்டுகளை மட்டும் எடுத்துத் தாய்ச்செடிகளாக்கி, நாற்றுப் பண்ணையிலிருந்து குறைந்த விலைக்குக் கன்றுகளை வழங்குவதே முறை.

அதற்குத் தக்க இடமும் ஊருக்குள் இருக்கின்றது. 1826-இல் பிரஞ்சுக்காரர் நிறுவிய தாவரவியற் பூங்கா பல தேயத்து மரங்களுக்கு இடமளித்து வளர்த்தது. ஒரு கல் தொலைவிலுள்ள கழியின் செடிக்கும் அங்கே ஒரு சேற்றுப் பாத்தி ஒதுக்குதல் கடினமன்று. இரண்டு ஆண்டுகளில் அதிலிருந்து கிடைக்கும் போத்துகளைக் கொண்டு முதற்கண் கடற்கரைப் பள்ளிகளுக்கும், உவர்க்கிணறு உள்ள வீடுகளுக்கும் வழங்கலாம். மலர், காய், கனிக் கண்காட்சியில் டேலியாத் தொட்டிகளின் வரிசையில் பூத்த கழிமுள்ளித் தொட்டிகள் நான்கு வைக்கப்படுமாயின், விதைப் பட்டியலைப் புரட்டுவோரும் அவற்றின் அருகே நின்று விலை கேட்பர்.