கையெழுத்திட்ட போதகர்



தேசத்துக்காகப் பாடுபட்டவர்களை நினைத்து நன்றி செலுத்துவது நல்லது. ஆனால் அவர்களைக் குறையற்றவர்களாக்கிப் பீடத்தில் ஏற்றுவது நல்லதல்ல. அமெரிக்க விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்ட ஒரு போதகரின் வாழ்க்கையை இதற்குச் சான்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

ஜான் விதர்ஸ்பூன் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரஸ்பிட்டேரியன் போதகர். 1768-இல் கடல் கடந்து வந்து, இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக விளங்கும் நியூ ஜெர்சி கல்லூரிக்குத் தலைவரானார். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மாடிசன் அவருடைய மாணவர். 1776 மே மாதத்தில், 76-ஆம் சங்கீதத்தை ஆதாரமாகக் கொண்டு, குடியேற்றங்களின் உரிமைக்காகப் பிரசங்கித்தார். அவ்வாண்டே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில், ஊழியத்தில் இருந்த போதகர் அவர் ஒருவரே. போர் தோற்றிருந்தால் அந்தக் கையெழுத்தே ராஜதுரோகத்துக்குச் சாட்சியாகியிருக்கும். அடுத்த ஆண்டு ஜெர்மன்டவுன் போரில் அவருடைய மகன் ஜேம்ஸ் உயிரிழந்தார். அவர் கொடுத்த விலை பெரிது. அதை நாம் மறுக்கலாகாது.

ஆயினும், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்த பிரகடனத்தில் ஒப்பமிட்ட அவரே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். 1790-இல் அடிமைத்தனத்தைக் குறித்து ஆராய்ந்த நியூ ஜெர்சிச் சட்டமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழுவோ புதிய சட்டம் தேவையில்லை என்றது. 1794-இல் அவர் மரித்தபோது, அவருடைய சொத்துப் பட்டியலில் இரண்டு அடிமைகள் இருந்தார்கள்.

"அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அது உண்மையன்று. நியூபோர்ட் நகரத்துப் போதகர் சாமுவேல் ஹாப்கின்ஸ், அதே 1776-இல், அடிமைகளை விடுவிக்க வேண்டுமென்று நூல் வெளியிட்டார். அவருடைய முயற்சியால், முன்பு அடிமையாயிருந்த ஜான் குவாமைன் என்னும் ஆப்பிரிக்கர், மிஷனெரிப் பணிக்கு ஆயத்தமாகும்படி 1774-இல் விதர்ஸ்பூனிடமே கல்வி கற்கச் சென்றார். போரின்போது, இன்னும் அடிமையாயிருந்த தம் மனைவியை மீட்கப் பணம் சேர்க்கவேண்டி அமெரிக்கத் தனியார் போர்க்கப்பல் ஒன்றில் சேர்ந்து, 1779-இல் உயிர்நீத்தார். கையெழுத்திட்டவர்களை வரலாறு தேசபக்தர்கள் என்று போற்றுகிறது. குவாமைனுக்கும் அந்தப் பெயர் உரியதென்பது என் துணிபு.

பிரியமானவர்களே, நம்மை ஒடுக்குகிறவனிடம் விடுதலை கேட்பதற்குத் தைரியம் வேண்டும். நம் கையின்கீழ் இருப்பவருக்கு அதைக் கொடுப்பதற்கு மனந்திரும்புதல் வேண்டும். முன்னது இருந்தும் பின்னது இல்லாமற்போகக் கூடும் என்பதே விதர்ஸ்பூனின் வாழ்க்கை நமக்குத் தரும் எச்சரிப்பு. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நியாயமான கூலியும் ஓய்வும் கிடைக்கின்றனவா? நம் மகள் தன் மனதிலுள்ளதை அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? சபையில் எவருடைய குரலுக்கு நாம் செவிகொடுப்பதேயில்லை? தேசபக்தர்களுக்காக நன்றி சொல்லி ஜெபிக்கும்போது, இந்தக் கேள்விகளையும் ஆண்டவருடைய சமுகத்தில் வையுங்கள்.

தேவகிருபை உங்களோடிருப்பதாக.