கல் பொறுக்கிகளும் கற்றோரும்

பொறுக்கி என்னும் சொல் நம் மொழியில் வசைச்சொல்லாகவும் வழங்கி வருகின்றது. நிலத்திற் கிடப்பதைக் குனிந்து எடுப்பவன் மதிப்புக்குரியவன் அல்லன் என்ற எண்ணம் அச்சொல்லினுள் உறைந்து கிடக்கின்றது. பட்டமேதும் பெறாமலே கற்களையும் கனிப்பொருள்களையும் தேடித் தொகுப்போர் பற்றி நமது பல்கலைக்கழகச் சூழலில் நிலவும் மனோபாவமும் ஏறத்தாழ இதுவே. விடுமுறை நாளில் ஆற்றுப்படுகையிற் கல் தேடும் பாடசாலை ஆசிரியரையும், தன் காணியில் அகப்பட்ட கல்லைக் கொண்டுவந்து இது யாதென வினவும் கமக்காரரையும் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றோம். புவிச்சரிதவியல் விரிவுரை மண்டபத்திலே தொடங்கி ஆய்வுகூடத்திலே முடிவது என்றும், அதற்கு வெளியே உள்ளதெல்லாம் வெறும் வேடிக்கை என்றும் நம்மிற் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது. அது மட்டுமன்று, சிலருக்குப் பெரிதும் பயன்பட்டு வந்த பிழையுமாகும். வைரம் விளையும் நிலங்களின் புவிச்சரிதம் எவ்வாறு அறியப்பட்டது என்பதை நோக்குவோர் இதனை மறுத்தல் அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உலகுக்கு வைரந் தந்தவை இந்தியாவும், சிறிதளவுக்குப் போர்ணியோவுமே. பின்னர் பிரேசில் சேர்ந்தது. இவ்விடங்களில் வைரம் பெரும்பாலும் ஆற்றுச் சரளையிலும் பழைய உருள்கற் படைகளிலுமே அகப்பட்டது. அதன் தாய்ப்பாறை எது என்பதை எவரும் திட்டமாக அறிந்திருக்கவில்லை. இந்நிலையிலேதான், தென்னாபிரிக்காவில் ஒறேஞ்சு ஆற்றங்கரையில், ஹோப்ரவுண் என்னும் ஊருக்கு அண்மையில், ஈராஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் எடுத்து விளையாடிய கல்லொன்று 1867இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட அயலவர் ஷால்க் வான் நீக்கேர்க் புதுமையான கற்களில் நாட்டமுள்ள விவசாயி. பல கைகள் மாறி, சாதாரணக் கடித உறையொன்றில் தபால்மூலம் அது சென்றடைந்தது கிரகாம்ஸ்ரவுணில் வாழ்ந்த வில்லியம் அதர்ஸ்ரன் என்பாரிடம். அதர்ஸ்ரன் தொழிலால் வைத்தியர்; 1847இலேயே ஈதர் கொண்டு மயக்கமூட்டி நோயாளி ஒருவரின் காலை அறுத்தகற்றியவர். புவிச்சரிதவியல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. அவர் கல்லின் வன்மையையும் தன்னீர்ப்பையும் ஒளியியல் இயல்பையும் சோதித்து, அது வைரமே என அறுதியிட்டார். எடை 21.25 கரட்.

அடுத்த ஆண்டு இலண்டன் இரத்தின வணிகர் ஹரி இம்மானுவேல், ஜேம்ஸ் கிரெகரி என்னும் கனிப்பொருளியலாளரை அங்கு அனுப்பினார். கிரெகரி சென்றார், பார்த்தார், திரும்பினார். அந்நிலத்தின் இயல்பு வைரத்துக்கு இடந்தராது என்றும், வைரம் கிடைத்ததாகச் சொல்லப்படுவது நிலவிலையை உயர்த்தச் செய்யப்பட்ட சூழ்ச்சி என்றும் எழுதினார். அவருடைய கூற்றின் மை உலர்வதற்குள், 1869இல், அதே ஆற்றுப் பிரதேசத்தில் கிரிக்குவா இனத்து இடையர் ஒருவர் 83.5 கரட் எடையுள்ள வைரத்தைக் கண்டெடுத்தார். அதன்பின் தென்னாபிரிக்கச் சுரங்கத்தாரிடையே ‘ஒரு கிரெகரி’ என்பது நிபுணரின் பெருந்தவற்றைக் குறிக்கும் தொடராயிற்று. கிரெகரி அறிவிலி அல்லர். ஊர்மக்கள் நகைத்தவாறு நாம் நகைக்க வேண்டியதில்லை. அன்றைய புலமை முழுவதும் அவரோடு நின்றது. அப்புலமை வேறொரு நிலத்திலே பெற்றது என்பதுதான் குறை. இன்ன இடத்தில் இன்னது இராது என்று முன்னரே தீர்மானித்த கண்ணுக்கு, காலடியிற் கிடப்பதும் தெரிவதில்லை. சிறுவனுக்கோ இடையருக்கோ அத்தகைய தீர்மானம் எதுவும் இருக்கவில்லை.

இதனைத் தற்செயல் என்பர் சிலர். கண்ணை மூடிக்கொண்டு நடப்பவனுக்கும் கல் இடறும். அது அறிவாகுமா என்பர். இவ்வினாவுக்கு விடை, அடுத்த ஆண்டு யாகர்ஸ்பொன்ரீன் பண்ணையிற் கிடைத்தது. அப்பண்ணையின் மேற்பார்வையாளர் டி கிளேர்க் வறண்ட ஓடையொன்றின் மணலிற் காணற்று எனப்படும் செம்மணிகள் கிடப்பதைக் கண்டார். வைரம் தோண்டுவோர் இச்செம்மணியை வைரத்தின் துணைக்கல்லாகக் கருதினர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1870இல் அம்மணலை அரித்துத் தேடியபோது ஏறத்தாழ 50 கரட் வைரம் அகப்பட்டது. இதிலே தற்செயல் எங்கே உள்ளது? அவதானிப்பு உண்டு, இரு பொருள்களுக்கிடையே தொடர்புண்டு என்ற கருதுகோள் உண்டு, அதனைச் சோதித்தலும் உண்டு. விஞ்ஞான முறை என நாம் முதலாம் ஆண்டு மாணவருக்குப் போதிப்பது வேறென்ன?

இத்தொடர்புக்கான காரணம் மிகப் பின்னரே விளங்கிற்று. வைரம் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஆழத்தில், பழைமையான கண்டக் கருக்களின் அடியில், பேரமுக்கத்திற் பிறப்பது. அவ்வாழத்திலிருந்து வேகமாக மேலெழும் பாறைக்குழம்பு, வழியிலுள்ள மூடகப் பாறைகளின் துண்டுகளையும் வாரிக்கொண்டு வருகின்றது. காணற்று, இல்மனைற்று முதலிய மணிகளும் வைரமும் ஒரே வண்டியில் ஏறி வந்த பயணிகள் போல்வன. பாறை வைரத்தைப் பெற்ற தாயன்று. சுமந்து வந்த வாகனமே. 1984இல் ஸ்ரீபன் ரிச்சட்சனும் சகாக்களும் வைரங்களின் உள்ளே சிறைப்பட்ட காணற்றுகளை ஆராய்ந்து அவை 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனக் காட்டினர். அவற்றைச் சுமந்து வந்த கிம்பர்லிக் குழாய்களோ ஏறத்தாழ 9 கோடி ஆண்டு வயதினவே. வைரம் அரிது, அதன் துணைமணிகளோ பல்லாயிரம் மடங்கு மிகுதி. எனவே மணியைத் தொடர்ந்து சென்றால் குழாயை அடையலாம். 1954இல் லரீசா பொப்புகாயேவா யாக்கூத்தியாவில் ஓடை ஓடையாகச் செம்மணிகளைத் தொடர்ந்து சென்று சோவியத் நாட்டின் முதற் கிம்பர்லைற்றுக் குழாயைக் கண்டது இம்முறையாலேயே. பண்ணை மேற்பார்வையாளர் ஒருவர் 84 ஆண்டுகள் முன்னரே கையாண்ட முறை அது. (பொப்புகாயேவா பட்டம் பெற்ற புவிச்சரிதவியலாளர். ஆயினும் 1957இல் அவ்வைரங்களின் கண்டுபிடிப்புக்காக லெனின் பரிசு பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டம் மட்டும் போதாது போலும்.)

எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. 1872இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆர்ணல்ட், சிலாக் என்னும் இருவர் வைரக் காடொன்றைக் கண்டதாகக் கூறிப் பெருஞ்செல்வரை ஏமாற்றினர். புகழ்பெற்ற நகை வணிகர் ரிஃபனி அக்கற்களை உயர்வாக மதிப்பிட்டார். அனுபவமிக்க சுரங்கப் பொறியியலாளர் நேரிற் சென்று சான்று கூறினார். மோசடியை அம்பலப்படுத்தியவர் கிளறன்ஸ் கிங் என்னும் புவிச்சரிதவியலாளர். இயற்கையில் ஒருங்கு சேராத மணிகள் அங்கு சேர்ந்து கிடந்ததையும், குச்சியாற் குத்தப்பட்ட எறும்புப் புற்றுகளிலே கற்கள் இருந்ததையும் அவர் கண்டார். பயிற்சி பெற்ற அறிவின் வெற்றி இது, ஐயமில்லை. இன்றும் கிம்பர்லைற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வைரமற்றவை. எந்தக் காணற்று வைரத்தோடு வந்தது என்பதைக் குரோமிய, கல்சிய அளவுகளைக் கொண்டு பிரித்தறிய ஆய்வுகூடம் இன்றியமையாதது. ஆனால், ஏமாந்தோர் வரிசையில் முன்னணியில் நின்றோர் யார்? சான்றிதழும் சம்பளமும் உடைய மதிப்பீட்டாளரே. ஆகவே இவ்வுதாரணம் ஆர்வலருக்கு எதிராகச் சாட்சி சொல்வதன்று.

ஆர்வலரைப் போற்றும் வரலாறுகளும் ஓர் அநீதியைச் செய்கின்றன. வைத்தியர் அதர்ஸ்ரன் ‘ஆர்வலர்’ எனப் பெருமையோடு குறிப்பிடப்படுகின்றார். 83.5 கரட் வைரத்தைக் கண்டெடுத்த கிரிக்குவா இடையர் அவ்வாறு குறிப்பிடப்படுவதில்லை. அவருக்குக் கிடைத்த விலை 500 ஆடுகள், 10 எருதுகள், ஒரு குதிரை. வாங்கிய வான் நீக்கேர்க் அதனை 11,000 பவுணுக்கு மேல் விற்றார். 1871இல், பின்னர் கிம்பர்லிப் பெருங்குழி ஆகவிருந்த சிறு குன்றிலே முதலில் வைரங் கண்டவர், றோஸ்தோண் என்பாரின் குழுவிலே சமையல் வேலை செய்த டேமன். குடித்ததற்குத் தண்டனையாகத் தோண்ட அனுப்பப்பட்டவர் என்றே அவர் கதை சொல்லப்படுகின்றது. குன்று எசமானரின் ஊராகிய கோல்ஸ்பேர்க்கின் பெயரைப் பெற்றது. பின்னர் எழுந்த நகரம் இலண்டனில் இருந்த குடியேற்ற நாட்டு அமைச்சர் கிம்பர்லிப் பிரபுவின் பெயரைப் பெற்றது. 1880களின் பிற்பகுதியில் கார்வில் லூயிஸ் அப்பாறைக்குக் கிம்பர்லைற்று எனப் பெயரிட்டபோது, அமைச்சரின் பெயர் விஞ்ஞானத்திலும் நிலைபெற்றது. கண்டவர் பெயர் எதிலும் இல்லை.

இவ்வரலாறு மிகக் கூர்மையாக வெளிப்படுவது நமீபியாவில். 1908இல், ஜேர்மனியர் ஆண்ட அந்நாட்டின் கோல்மன்ஸ்கொப் அருகே, இருப்புப்பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளி ஒரு கல்லைக் கண்டு தன் மேற்பார்வையாளர் ஓகஸ்ற் ஸ்ரவுக் என்பாரிடம் கொடுத்தார். லெவாலா முன்னர் கிம்பர்லியில் வேலை செய்தவர்; வைரத்தைப் பார்த்தறிந்த கண் அவருடையது. ஸ்ரவுக் கனிப்பொருள்களில் நாட்டமுள்ள ஆர்வலர். தேடும் உரிமைப் பத்திரம் பெற்றவரும் அவரே. ஸ்ரவுக் பெருஞ்செல்வரானார். லெவாலாவுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு செத்தெம்பரிலேயே அக்கரையோரம் தடைசெய்யப்பட்ட வலயமாக்கப்பட்டது. அதன்பின் அங்கு குனிந்து ஒரு கல்லை எடுப்பது குற்றம். இருவரில் கல்லை அறிந்தவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒருவரை ஆர்வலராகவும் மற்றவரைக் கூலியாகவும் ஆக்கியது அறிவின் ஏற்றத்தாழ்வன்று. பத்திரமும் தோலின் நிறமுமே. கிம்பர்லியிலோ 1880களின் நடுப்பகுதி முதல் ஆபிரிக்கத் தொழிலாளர் ஒப்பந்தக்காலம் முழுவதும் அடைப்புவளவுகளிற் பூட்டிவைக்கப்பட்டனர். கல்லைப் பற்றிய அவர்களின் அறிவு நிறுவனத்துக்கு வேண்டியதாயிருந்தது. அவ்வறிவு அவர்களுடையதாயிருப்பது ஆபத்தாயிருந்தது. ‘கல் பொறுக்கி’ என்ற இகழ்ச்சியாற் பயன்பெறுவோர் யார் என்று முன்னர் கூறாது விட்டதற்கு விடை இதுவே.

மாற்று ஒழுங்குகள் இயலாதவை அல்ல. அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில், பிரானர் என்னும் மாநிலப் புவிச்சரிதவியலாளர் 1889இலேயே ஆராய்ந்து எழுதிய பாறையொன்றின் மேல், 1906இல் ஜோன் ஹடில்ஸ்ரன் என்ற விவசாயி வைரங் கண்டார். 1972 முதல் அவ்விடம் மாநிலப் பூங்கா. சிறு கட்டணஞ் செலுத்தி எவரும் தேடலாம். கண்டெடுத்தது கண்டவருக்கே உரியது. பூங்காப் பணியாளர் கல்லை இலவசமாக இனங்கண்டு பதிவுசெய்கின்றனர். இதுவரை 35,000க்கு மேற்பட்ட வைரங்கள் அங்கு வருகையாளராற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இதற்கு மாறாக, ஆந்திரத்தின் கர்னூல், அனந்தப்பூர்ப் பகுதிகளிலே, முதல் மழை மண்ணைக் கழுவியதும் வயல்களிற் குனிந்து தேடும் ஏழைகள் ஆண்டுதோறும் உளர். வச்சிரத்தைத் தன் பெயரிலேயே கொண்ட வச்சிரகரூர் அங்கேதான் உள்ளது. அதனைச் சூழக் கிம்பர்லைற்றுக் குழாய்களும் உள்ளன. ஊர்ப்பெயர் புவிச்சரித ஆய்வுக்கு முந்தியது. ஆயினும் அங்கு கல்லைக் காண்பவர் அதனை ஒளித்து, வணிகர் சொல்லும் விலைக்கு விற்கின்றார். கல்லோடு அது கிடந்த இடத்தைப் பற்றிய செய்தியும் மறைகின்றது. விஞ்ஞானத்துக்கு இழப்பு அதுவே.

நமது நாடு வைர நாடன்று, இரத்தின நாடு. 1945இல் டப்ளின் நகரிலே, நகைக்காரரின் பழங்கற்களிடையே ரிச்சட் ராஃபே என்னும் இரத்தின ஆர்வலர் ஒரு வெட்டிய கல்லைப் பார்த்தார். இசுப்பினல் எனக் கருதப்பட்ட அது ஒளியை இரட்டித்துக் காட்டியது. இசுப்பினல் அவ்வாறு செய்வதில்லை. இலண்டன் ஆய்வுகூடம் அதனைப் புதிய கனிப்பொருள் என உறுதிசெய்தது. ராஃபையிற்று என்று பெயரும் வந்தது. அக்கனிப்பொருளின் முதன்மையான பிறப்பிடங்களுள் ஒன்று இலங்கை. நமது சரளைகளில் அது நெடுங்காலம் கிடந்து, அகழப்பட்டு, வெட்டப்பட்டு, வேறு பெயரில் விற்கப்பட்டிருக்கின்றது. இல்லம் என்று அகழ்வோர் வழங்கும் இரத்தினச் சரளையைப் (நமது வீட்டைக் குறிக்கும் சொல்லோடு இது ஒலியால் மட்டுமே ஒத்தது) பார்த்தும் தொட்டும் இனம் பிரிக்க வல்லோரிடம், கல்லில் ஏதேனும் வேறுபாடு கண்டீர்களா என்று நாம் கேட்டதுண்டா?

ஆகவே புவிச்சரிதவியல் கற்பிக்கும் துறைகளிடம் கேட்க வேண்டியவை சில உள. மாதத்தில் ஒரு நாளாவது, கல்லைக் கொண்டு வரும் எவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். கொண்டு வந்தவருக்கு அவர் மொழியில் விடை சொல்லப்பட வேண்டும். அகழ்வோர் வழங்கும் சொற்கள், சிங்களமாயினும் தமிழாயினும், தொகுக்கப்பட்டு நமது கலைச்சொற்களுக்கு அருகே வைக்கப்பட வேண்டும். பேழைகளில் உள்ள மாதிரிகளின் சீட்டுகளிலே கனிப்பொருளின் பெயரும் இடமும் இருக்கின்றன. கண்டெடுத்தவர் பெயருக்கும் அதிலே ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.